அமிலத்தில் குளிக்கும் தூண்கள்

கே: எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிகளுக்கு சார்ஜ் போடும் மூலையில் மட்டும் இரும்புத் தூண் செதில் செதிலாக உதிர்கிறது. ஏன்?
(மேற்பார்வையாளர், அம்பத்தூர்)

ப: அந்தத் தூண் தினமும் கந்தக அமிலத்தில் குளிக்கிறது! சார்ஜ் முடியும் தறுவாயில், ஒரு செல்லுக்குச் சுமார் 2.4 வோல்ட் தாண்டியதும், உள்ளிருக்கும் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து கொப்பளிக்கும். குமிழி உடையும்போதெல்லாம் அமிலத் திவலை தெறிக்கும். தூணில் படிந்த திவலையில் தண்ணீர்தான் காயும், அமிலம் காயாது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி அரிக்கத் தொடங்கும்.

கே: 98 சதவீத அமிலத்தையே இரும்பு டேங்கரில் கொண்டுபோகிறார்களே?
(மாணவர், காரைக்குடி)

ப: நல்ல கேள்வி. அடர் அமிலத்தில் இரும்பின்மேல் சல்பேட் படலம் படிந்து காவல் நிற்கும். நீர் கூடினால் படலம் கரைந்துவிடும். பேட்டரி அமிலம் முழு சார்ஜிலேயே சுமார் 37 சதவீதம்தான். இரும்புக்கு இந்த இளைத்த அமிலம்தான் எமன்.

கே: கால்வனைஸ் செய்தால் தப்பிக்கலாமா?
(ஒப்பந்ததாரர், ஓசூர்)

ப: வேண்டாம். துத்தநாகம் மழைக்குத் தாங்கும். அமிலத்துக்கு முதல் பலி அதுதான்.

கே: துருவைச் சுரண்டி இரண்டு கோட் எபாக்ஸி அடித்தேன். சில மாதங்களிலேயே கொப்புளம்!
(பராமரிப்புப் பிரிவு ஊழியர், திருச்சி)

ப: திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டீர்கள். பெயின்ட்டுக்கு அடியில் அமில உப்பு அப்படியே இருக்கிறது. பேட்டரிகளை அப்புறப்படுத்துங்கள். சமையல் சோடாக் கரைசலால் தூணை நுரைப்பு அடங்கும்வரை கழுவி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். வெறும் இரும்பு தெரியும்வரை பிளாஸ்டிங் செய்தபிறகு எபாக்ஸி நோவலாக் அல்லது வைனைல் எஸ்டர் பூச்சு. தூண் தரையைத் தொடும் இடத்தில் கழுவிய நீர் தேங்கும். அங்கே கூடுதல் கவனம் வையுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக்கூடாது.

கே: பெயின்ட்டுக்குப் பணம் கேட்டால் முதலாளி முறைக்கிறாரே?
(மீண்டும் அம்பத்தூர்)

ப: செலவில்லாத வேலையை முதலில் முடியுங்கள். டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றச் சொல்லுங்கள். முன்பே நிரப்பினால் மட்டம் உயர்ந்து அமிலம் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம். சார்ஜர் நேரத்துக்கு நிற்கிறதா என்றும் பாருங்கள். ஓவர்சார்ஜ் ஆனால் எந்தப் பூச்சும் பாவம்தான்.

கூரையருகே காற்றோட்டம் அவசியம். ஹைட்ரஜன் மேலே போய்த் தேங்கும். காற்றில் 4 சதவீதத்தை எட்டினால் ஒரு பொறி போதும். முதலாளி அதற்கும் அசையாவிட்டால், அங்கே வேலை பார்க்கும் தம்பிகளின் முன்பற்களைக் காட்டுங்கள். தூணை அரிக்கும் அதே அமிலத் திவலை பல்லின் எனாமலையும் அரிக்கும்.