அலுமினியச் சட்டியும் அரை நாள் பள்ளிக்கூடமும்

1787-ல் முடிதிருத்துபவர் ஒருவரின் மகன் மெட்ராஸ் கடற்கரையில் வந்து இறங்கினார். ஊர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், பெயர் ஆண்ட்ரூ பெல். அப்பாவின் கத்தரிக்கோலை ஊரிலேயே விட்டுவிட்டுப் பாதிரியார் அங்கியோடு வந்தார். வந்த கையோடு ஒரே சமயத்தில் பல படைப்பிரிவுகளுக்குப் பாதிரியாராகி, எல்லாவற்றுக்கும் சம்பளம் வாங்கினார். ஒரே ஆள் பேர் நாலைந்து மஸ்டர் ரோலில் இருப்பது நூறு நாள் வேலைத் திட்டத்தில் வந்த பழக்கம் என்று நினைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

தொழிற்பயிற்சி வரலாற்றைச் சொல்ல வந்துவிட்டு முடிதிருத்துபவர் மகனைப் பிடித்துக்கொண்டு நிற்பானேன்? காரணம் இருக்கிறது. இந்த ஊரில் மற்றவர் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கக் கிளம்பிய பெரிய மனிதர்களில் பலர், தங்கள் அப்பா தொழிலிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தவர்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளைக்குச் சுத்தியலைக் கொடுத்துவிட்டால் தன் பிள்ளை பாரிஸ்டராக வளரும் என்று இவர்கள் அதைத் திருத்தி எழுதினார்கள்.

1789-ல் எழும்பூரில் சிப்பாய்களின் அனாதைப் பையன்களுக்காக ஒரு விடுதி திறந்தார்கள். அப்பா வெள்ளைக்கார சோல்ஜர், அம்மா பெரும்பாலும் இந்த ஊர்ப் பெண். அதற்கு பெல் தலைவரானார். ஒருநாள் போகிற வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். சிலேட் இல்லை, காகிதம் இல்லை, செலவும் இல்லை. அப்படியே அசந்து போனார். அன்றைய வெள்ளைக்காரர்களுக்குத் தமிழனும் ‘மலபாரி’தான், ஆகவே ‘மலபார் பள்ளி’ என்று குறித்துக்கொண்டார்.

விடுதியில் இருந்த உதவி வாத்தியார்களிடம் இதைச் செய்யச் சொன்னால், ‘நடக்காது’ என்றார்கள். பெல் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, ‘நீயே சொல்லிக்கொடு’ என்றார். பையன் ஜமாய்த்துவிட்டான். நம் திண்ணைகளில் காலங்காலமாக இருந்த சட்டாம்பிள்ளைதான் அவன். 1796-ல் பெல் ஊர் திரும்பினார், மறு வருடமே புத்தகம் போட்டார். அந்த ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரவியது. பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுப்போன பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளியின் பெயரே ‘மெட்ராஸ் காலேஜ்’. திண்ணை வாத்தியாருக்கு ஒரு படி அரிசிகூடப் போய்ச் சேரவில்லை.

அந்த விடுதிப் பையன்களை என்ன செய்வது? கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பதில் தயாராக இருந்தது. பிடித்த நிலத்தை அளக்க சர்வேயர்கள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் சம்பளம், படி, கப்பல் செலவு, குடிக்கிற ஒயின் என்று கட்டுப்படியாகாது. 1794-ல் கம்பெனியின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் எட்டுப் பையன்களை வைத்து சர்வே பள்ளி தொடங்கினார். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் பூர்வாசிரமம் இதுதான். ‘மனிதவள மேம்பாடு’ என்ற பதம் அப்போது புழக்கத்தில் இல்லை. ‘சல்லிசாக முடியும்’ என்று பச்சையாகவே எழுதிக்கொண்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

பள்ளியிலிருந்து வந்த பையன்கள் 1802-ல் தொடங்கிய வில்லியம் லாம்டனின் பெரும் நில அளவையில் வெயிலில் காய்ந்தார்கள். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கோபுரம் கோபுரமாக ஏற்றுவது வேலை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் போய்க் கதவை... கூடாரத்துக்கு ஏது கதவு, திரையைச் சாத்திக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து தானே சரிசெய்தார். ராஜராஜன் அத்தனை டன் கல்லை ஏற்றிய உயரத்துக்கு அரை டன் பித்தளையை ஏற்ற முடியவில்லை. பயிற்சி போதவில்லை போலும்.

1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் நாடி பிடிப்பது போதாதென்று சொந்தச் செலவில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். ஓவியம், மண்பாண்டம், மரச்சாமான் என்று வளர்ந்து அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பள்ளி அது. இதை இத்தோடு விடுகிறேன். இந்தப் பள்ளியில் ஐம்பது வருடம் கழித்து நடந்த கூத்துதான் நமக்கு முக்கியம்.

ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் 1888-ல் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். சும்மா இருக்கத் தெரியாத ஆத்மா. கலைப்பள்ளி அவர் கைக்கு வந்ததும் 1898-ல் அங்கே அலுமினியத்தைத் தட்டத் தொடங்கினார். அதுவரை நம் அடுப்படியில் மண், வெண்கலம், பித்தளை. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும். பூசுகிறவர் தெருவுக்கு வந்து, துருத்தி ஊதி, நவச்சாரம் போட்டுப் புகை கிளப்பி, பேரம் முடிந்து பாத்திரம் உள்ளே வருவதற்குள் மதியச் சமையல் நேரம் தாண்டிவிடும். பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறி, வீடே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. எடையும் இல்லை, மாமியார் மருமகள் மேல் வீசினாலும் பெரிய சேதமில்லை. பித்தளை தட்டிப் பழகிய கைக்கு அது வெண்ணெய். சரக்கு போணியானது. 1903-ல் தொழில் ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாறியது. பள்ளிக்கூடத்தில் கற்றது சந்தையில் விற்றது! தொழிற்பயிற்சி வரலாற்றில் அபூர்வமான சம்பவம் என்பதால் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன்.

ருசி கண்ட சாட்டர்டன் தோலில் இறங்கினார். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிக்கொண்டிருந்த தோலைக் குரோம் முறையில் சீக்கிரமே பதனிடலாம் என்று காட்டினார். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் தோல் சாலுக்கு அது நன்றாக உழைத்தது. அதே மனிதர் இன்னொரு கையால் எண்ணெய் எஞ்சின் பம்புகளை வயலுக்குக் கொண்டுவந்தார். உழைக்கிற சாலையும் அவரே தந்தார், சாலுக்கே வேலையில்லாமலும் அவரே செய்தார். சேலத்தில் கைத்தறிக்கும் ஒரு பட்டறை போட்டார்.

இங்கேதான் சென்னையின் வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு நெஞ்சு அடைத்தது. சுதேசிகளுக்கு வேலை கற்றுத்தருவது நல்ல காரியம், கிறிஸ்தவக் கடமை, கைதட்டலாம். கற்ற வேலையைச் செய்து விற்கவும் ஆரம்பித்தால் எப்படி? ‘அரசாங்கமே எங்களுக்குப் போட்டியா?’ என்று மனு போட்டார்கள். மனு லண்டனில் இந்தியா மந்திரி ஜான் மார்லியின் மேசைக்குப் போனது. மார்லி பிளாக்பர்ன் ஊர் டாக்டரின் மகன். அப்பா அவரைப் பாதிரியாராக்க ஆசைப்பட்டார். மகன் அந்தப் பக்கமும் போகாமல், கத்தியையும் எடுக்காமல் பத்திரிகைக்காரரானார். சுதந்திரச் சிந்தனையாளர் என்று பேர். இந்தியாவை ஆண்டவர்களில் சுதந்திரச் சிந்தனையாளர்களுக்குத் தனி வரிசையே உண்டு.

1910 ஜூலையில் மார்லியின் உத்தரவு வந்தது. சாரம் இதுதான்: அரசுப் பணத்தில் தொழில் சொல்லிக்கொடுக்கலாம், புது முறைகளைச் செய்து காட்டலாம், தொழில் நடத்தக்கூடாது. அதாவது சமையல் கற்றுக்கொடு, அடுப்பை மட்டும் பற்றவைக்காதே. 1912-ல் சாட்டர்டன் மூட்டையைக் கட்டிக்கொண்டு மைசூருக்குப் போனார். அங்கே விஸ்வேஸ்வரய்யா திவான். மைசூரின் சந்தன எண்ணெய்த் தொழிலில் சாட்டர்டனின் கை உண்டு. நீங்கள் மைசூர் சாண்டல் போட்டுக் குளிக்கிறவர் என்றால், மெட்ராஸ் துரத்திவிட்டவரின் வாசனை கொஞ்சம் உங்கள் மேலும் இருக்கும். முதல் உலகப்போர் வந்து, கப்பல் வராமல், சாமான் கிடைக்காமல் திண்டாடியபோது ஆங்கிலேய அரசு 1916-ல் தொழில் கமிஷன் ஒன்றைப் போட்டது. அதில் சாட்டர்டனும் உறுப்பினர். 1918 அறிக்கை, அரசு தொழில் வளர்ச்சியில் இறங்கியே ஆக வேண்டும் என்றது. ஆளை வெளியே அனுப்பிவிட்டு அவரிடமே யோசனை கேட்கிற வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

சரி, வெள்ளைக்காரன் போய்விட்டான். நம்மவர்கள் வந்தார்கள்.

1952-ல் ராஜாஜி முதலமைச்சரானார். அவர் முன் ஒரு கணக்கு இருந்தது. பதினான்கு வயது வரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் தர முயல வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லியிருந்தது. பணமோ இல்லை. ராஜாஜி கெட்டிக்காரர், பஸ் முதலாளி மாதிரி யோசித்தார். பஸ் ஒன்றுதான் என்றால் இரண்டு டிரிப் அடி! ஐந்து மணி நேரப் பள்ளியை மூன்று மணி நேரமாக்கி, பிள்ளைகளை இரண்டு ஷிப்டாகப் பிரித்தார். அதே பெஞ்சு, அதே வாத்தியார், இரு மடங்கு பிள்ளைகள். வாத்தியாரின் தொண்டைக்கும் இரு மடங்கு வேலை. இதுவரை சரி. மிச்ச நேரத்தில் பிள்ளை என்ன செய்வான்? அப்பாவோடு தொழில் பழகுவான் என்றார். அங்கேதான் பஸ் பள்ளத்தில் இறங்கியது.

காகிதத்தில் அதன் பெயர் மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். எதிர்த்தவர்கள் வைத்த ‘குலக்கல்வி’தான் நின்றது. 1953 ஜூனில் கிராமங்களில் அமலுக்கு வந்தது. கிராமங்களில் மட்டும்! டவுன் பிள்ளைகளுக்கு முழு நாள் பள்ளி. பட்டணத்து வக்கீல் மகன் மத்தியானம் கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சியை மிரட்டிப் பழக வேண்டியதில்லை. கிராமத்து வண்ணார் மகன் மட்டும் மத்தியானம் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும்.

இந்தச் சட்டையைத் தலைவர்களுக்கே மாட்டிப் பார்க்கலாம். ராஜாஜியின் அப்பா ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் முன்சீப். மகன் ஒழுங்காக அப்பா தொழில் பழகியிருந்தால் கிஸ்தி வசூலித்து, ஆடு மேய்ந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டு தொரப்பள்ளியிலேயே இருந்திருப்பார். இந்தியாவுக்கு ஒரு கவர்னர் ஜெனரல் குறைந்திருப்பார். காமராஜர் விருதுநகரில் தேங்காய் விற்றிருப்பார். எல்லோரையும் தேடிப் பார்த்தால், பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு அப்பாவின் வியாபாரத்திலேயே உட்கார்ந்து, பேரமும் கணக்கும் கற்று, அதில் கொடியும் நாட்டிய ஒரே ஒரு பெரிய மனிதர்தான் அகப்படுகிறார். ஈரோடு வெங்கட்ட நாயக்கர் மகன் ராமசாமி. திட்டத்தின் விளம்பரத்துக்குப் படம் போட வேண்டுமென்றால் அவர் படத்தைத்தான் போட்டிருக்க வேண்டும். அவர்தான் அதை முதல் ஆளாக நின்று எதிர்த்தார்! பழகியவருக்குத்தானே தெரியும்.

அந்த ஜூலையில் ஈ.வெ.கி. சம்பத் தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகத்தார் ராஜாஜி வீட்டு முன் மறியல் செய்தார்கள். சட்டசபையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138. சபாநாயகரின் வாக்கில் திட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இருந்தாலும் நிபுணர் குழு ஆராயட்டும் என்ற இன்னொரு தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜியின் சொந்தக் கட்சிக்காரர்களே நெளிந்தார்கள். 1954-ல் அவர் விலக, ஏப்ரல் 13 அன்று காமராஜர் வந்தார். மே மாதமே திட்டம் போய்விட்டது. கைவிட்டதாக அறிவித்தவர் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம். ராஜாஜி அமைச்சரவையிலும் அவர் மந்திரிதான். தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றவரும் அவர்தான். குழி வெட்டும் வேலையை வீட்டு ஆளிடமே கொடுத்த காமராஜருக்கு எந்தப் பயிற்சி மையத்தில் சான்றிதழ் தந்தார்கள் என்று தெரியவில்லை. ராஜாஜியின் கணக்கையும் காமராஜர் வேறு வழியில் போட்டார். பள்ளிகளைத் திறந்தார், மதியத்தில் சோறு போட்டார். மத்தியானம் ஆற்றங்கரைக்குப் போக வேண்டிய பையன் சாப்பிட்டுவிட்டு வகுப்பிலேயே உட்கார்ந்தான்.

இன்னொரு பக்கம் ஐ.டி.ஐ. வந்தது, 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. இவற்றில் படித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஃபிட்டர்களும் டர்னர்களும் ஏராளம், அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தொழிற்பயிற்சியை எந்த அரசும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. மாடியில் ஓலைக் கொட்டகை, பத்து ரெமிங்டன் டைப்ரைட்டர், சுருட்டி வைத்த கார்பன் தாள், ‘ஏ எஸ் டி எஃப்’ அடிக்கும்போது சுண்டு விரல் சந்தில் மாட்டிக்கொண்டால் ஸ்கேலால் தட்டும் மாஸ்டர். எங்கள் பெரியப்பா லோயர், ஹையர் இரண்டும் முடித்து, ஷார்ட்ஹேண்ட் நோட்டோடு ரயிலேறி பம்பாய் போனார். அவருடைய அப்பா மாடு தரகு பார்த்தவர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய கையின் வாரிசு, பத்து விரலாலும் மாதச் சம்பளம் வாங்கியது. அப்பா தொழிலை விட்டு ஓடுவதற்கு ஏழைக்கும் கட்டுப்படியாகிற டிக்கெட்டாக அந்தக் கொட்டகை இருந்தது. திறப்பு விழா இல்லை, கல்வெட்டு இல்லை. கம்ப்யூட்டர் வந்தபோது அஞ்சலிக் கூட்டமும் இல்லை.

போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு திறன் பயிற்சித் தொடக்க விழா. தையல், செல்போன் பழுதுபார்ப்பு, ஏ.சி. மெக்கானிக், மூன்று மாதம். பிள்ளைகள் காலை ஒன்பது மணிக்கே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர்கள் பன்னிரண்டுக்கு வந்தார்கள். கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொல்லி நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரின் பிள்ளைகளும் வெளிநாட்டில் படிக்கிறார்கள் என்பதையும் அவர்களே பெருமையாகச் சொன்னார்கள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு விழா வரும். போனால் பின்வரிசையில் உட்காராதீர்கள். முன்னால் போய், மைக்கைக் கேட்டு வாங்கி, மரியாதையாகவே கேளுங்கள்: ‘ஐயா, உங்க வீட்டுப் பிள்ளை எந்த பேட்ச்?’