ஒரு லைக்குக்கு ஐம்பது ரூபாய்: திருவான்மியூர் வட்டார ஆய்வு

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டி டைடல் பார்க். 2000-ல் திறந்ததிலிருந்து அங்கே மென்பொருள் எழுதுகிறார்கள். கடற்கரைப் பக்கம் வால்மீகி நகர். அங்கே காலை நடையை முடித்துக்கொண்டு, காபியோடு செல்போனைத் திறக்கும் ஓய்வூதியர்கள் அதிகம். பாட் என்ற தானியங்கி நிரலை எழுதத் தெரிந்தவரும், பாட்டிடம் ஏமாறக்கூடியவரும் ஷேர் ஆட்டோ தூரத்தில் வசிக்கும் இந்த நிலப்பரப்பைவிடப் போலி லைக் ஆய்வுக்குத் தோதான களம் இல்லை.

முதலில் வரலாறு. போலி லைக்கின் மூதாதை, கேட்காமலே வந்து விழும் ஸ்பாம். அதன் பிறந்தநாள் 1978 மே 3 என்பது மேலை அறிஞர் துணிபு. கேரி தர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனை அதிகாரி அன்றுதான் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தைத் தட்டிவிட்டார். இவ்வாய்வு இதை வன்மையாக மறுக்கிறது. இணையம் எட்டிப்பார்க்காத காலத்திலேயே தமிழ்நாட்டு வீடுகளின் கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ் விழும். கோயிலில் பாம்பு தோன்றிப் பேசியது, இதை ஆயிரம் பிரதி அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார் என்றிருக்கும். தன்னைத் தானே பிரதியெடுக்கச் சொல்லும் நிரல் இது. மின்சாரத்துக்குப் பதில் பயத்தில் ஓடியது. அச்சகக்காரர்கள் நன்றாக இருந்தார்கள். மின்சார ரயில் பெட்டிகளில் ஒட்டப்படும் மூலம், பௌத்திரம் நோட்டீஸும் இவ்வினமே. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உபாதை உண்டா என்று அது என்றைக்கும் விசாரித்ததில்லை.

லைக் பின்னால் வந்தது. பேஸ்புக்கில் அந்தக் கட்டைவிரல் முளைத்தது 2009 பிப்ரவரியில். எண்ணிக்கை என்று ஒன்று வந்துவிட்டால் அதை ஊதிக்காட்ட ஆளும் வந்துவிடுவார். 2017-ல் தாய்லாந்தில், கம்போடிய எல்லையோர வீடு ஒன்றில் மூன்று சீனர்கள் பிடிபட்டனர். வீட்டுக்குள் வரிசையாகக் கம்பியில் மாட்டிய நூற்றுக்கணக்கான செல்போன்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சிம் கார்டுகள். லைக் போடுவதுதான் தங்கள் தொழில் என்றார்கள். அதிலாவது ஓர் உழைப்பு இருந்தது.

நம் ஊருக்கு வந்த வகை வேறு. வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத எண், பெரும்பாலும் வெளிநாட்டு எண். "வணக்கம் மேடம், நான் ஹெச்.ஆர். பேசுகிறேன். ஒரு வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் போதும்." மூன்று வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் விழும். மேடத்துக்கு நம்பிக்கை வரும். பிறகு டெலிகிராம் குழு. அங்கே 'ப்ரீபெய்டு டாஸ்க்'. ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறாகத் திரும்பும். அடுத்து ஐயாயிரம், பிறகு ஐம்பதாயிரம். திரையில் லாபம் லட்சத்தைத் தாண்டும், வெளியே எடுக்க மட்டும் முடியாது. எடுக்க 'வரி' கட்டவேண்டும். கட்டினால் இன்னொரு வரி.

இவ்வாய்வின் கண்டுபிடிப்பு இதுதான்: அந்த லைக் யாருக்கும் தேவையில்லை. வீடியோக்காரருக்கு இப்படியொரு சேவை நடப்பதே தெரியாது. மோசடிக்காரர் வேண்டுவது, சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்யும் பழக்கம். அதற்கான ஒத்திகைதான் ஸ்கிரீன்ஷாட். ஆக இது போலி லைக்கிலும் போலி. பாட்களைத் தடுக்க, டிராபிக் சிக்னல் உள்ள கட்டங்களைத் தொடச் சொல்லும் கேப்ட்சா சோதனைகூட இங்கே உதவாது. பாட் வேலையைச் செய்பவர் பான் கார்டு உள்ள அசல் மனிதர், பாஸ் ஆகிவிடுவார்.

டெலிகிராம் குழுவின் உறுப்பினர்களை மூவகைப்படுத்தலாம். 'எனக்கு இன்று 28,000 வந்தது' என்று ரசீதுப் படம் போடுபவர், அதற்குக் கைகூப்பி நன்றி சொல்பவர், பணம் கட்டுபவர். முதலிருவரும் மோசடிக்காரரின் செட்டப். மூன்றாமவருக்கு மட்டும் பென்ஷன் உண்டு.

2023 டிசம்பரில் மத்திய அரசு இத்தகைய பகுதிநேர வேலை மோசடி இணையதளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை முடக்கியது. ஓய்வுபெற்றோர், பெண்கள், வேலை தேடும் இளைஞர்களே இலக்கு என்று உள்துறை சொன்னது. வால்மீகி நகரின் ஓய்வூதியரும் டைடல் பார்க்கில் வேலை தேடுபவரும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டனர். 2022 நவம்பரிலேயே போலி விமர்சனங்களுக்கு எதிராக ஐ.எஸ். 19000 என்ற தரநிர்ணயமும் வந்தது; அப்போது கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்றார்கள். லைக்குக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இன்னும் வரவில்லை.

பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு. ஹெச்.ஆர். கேட்டு வாங்கிய ஸ்கிரீன்ஷாட்களையும் அழிக்காதீர்கள், புகாரோடு இணைக்கலாம். அந்த லைக்குகளால் கிடைக்கக்கூடிய ஒரே பயன் அதுதான்.