ரெண்டேகால் பவுன் காப்பி

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, மலை தெரிகிற மாதிரி பால்கனி வைத்துக் கட்டிய அடுக்கு வீடுகளில் ஒரு ரகத்து மனிதர்கள் குடியேறியிருக்கிறார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, பி.எஃப். பணத்தில் வீடு வாங்கி, 'கடைசிக் காலம் அண்ணாமலையார் காலடியில்' என்று வந்து சேர்ந்தவர்கள். முதல் மாதம் தினம் கிரிவலம். இரண்டாவது மாதம் பௌர்ணமிக்கு மட்டும். மூன்றாவது மாதம் முட்டிவலி. அதற்கப்புறம் ஆளுக்கு ஒன்று பிடித்துக்கொள்ளும். ஒருவருக்கு ஓமியோபதி, ஒருவருக்கு மூலிகை, இன்னொருவருக்குக் குடியிருப்போர் சங்கத் தேர்தல். எங்கள் மேல்மாடி சாரைப் பிடித்தது காப்பிக் கொட்டை.

பெயர் வேண்டாம். தெருவில் அவர் 'கிராம் சார்'. அது தெரியாமல், "சாருக்கு எந்த கிராமம்?" என்று விசாரித்தவர்கள் உண்டு.

நோய் தொற்றியது ஓர் இத்தாலிக்காரரிடமிருந்து. மார்கழி, தை மாதங்களில் ஆசிரமத்தைச் சுற்றித் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள், பங்குனி வெயில் முகத்தில் அறைந்ததும் சைக்கிள், மெத்தை, குக்கர் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்புவார்கள். அப்படி ஒருவரிடம் சார் வாங்கியது ஓர் எஸ்பிரெஸோ மெஷின், ஓர் அரவை மெஷின், ஒரு தராசு. "அவர் துறந்துட்டுப் போனதை இவர் சுமந்துக்கிட்டு வந்தார்" என்பது சார் வீட்டம்மாவின் வாக்குமூலம்.

எஸ்பிரெஸோ என்றால் என் தலைமுறைக்குக் கல்யாண மண்டபம்தான். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பளபளவென்று ஒரு மெஷின் நின்று, புஸ்ஸென்று ஆவியடித்துப் பாலை நுரைக்க வைக்கும். மேலே ஒரு சிட்டிகை தூள் தூவித் தருவார்கள். சார் முதல்முறை கூப்பிட்டபோது அந்த நினைப்பில்தான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, நான் வந்திருப்பது காப்பி குடிக்க அல்ல, சேவிக்க.

முதலில் ஃபேனை நிறுத்தினார். தராசு 0.1 கிராம்வரை காட்டும். மின்விசிறிக் காற்று பட்டால் எண் தத்தளிக்கும். சித்திரை மாதம், பகல் பதினோரு மணி, திருவண்ணாமலை. இது அக்னித் தலம் என்பதை ஃபேனை நிறுத்திப் பார்த்தால்தான் முழுதாக உணர முடியும். வியர்வை தராசில் சொட்டாமல் இருக்க நான் ஓரடி தள்ளி உட்கார வைக்கப்பட்டேன். கிண்ணத்தில் கொட்டை விழுந்தது. 18.1. ஒன்றை எடுத்தார். 17.9. திரும்பப் போட்டார். 18.1. வேறு சின்னக் கொட்டையாகத் தேடினார். 18.1. பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு பாக்குவெட்டியை எடுத்தார். அவருடைய அம்மா வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்த பாக்குவெட்டி. அதில் ஒரு காப்பிக் கொட்டையை வைத்துப் பாதியாக நறுக்கி, ஒரு பாதியைப் போட்டார். 18.0. மூச்சு விட்டார். நானும் விட்டேன், தராசு 18.1 ஆகுமோ என்று பயந்து, திரும்பி விட்டேன்.

"18 கிராம்னா ரெண்டேகால் பவுன். நகைக்கடையில கூட இப்படி நிறுக்கமாட்டான்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அந்த அம்மாள் கோபத்தில் சொன்னாலும் சரித்திரம் அவர் பக்கம்தான். அந்தக் காலத்துத் தட்டார்கள் தங்கத்தைக் குன்றிமணி வைத்து நிறுத்தார்கள். ஒரு குன்றிமணி சுமார் 0.12 கிராம். வறுத்த காப்பிக் கொட்டை ஒன்றும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அடுத்து ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் தொட்டுக் கொட்டைமேல் ஒரு சொட்டு உதறினார். நான் புண்ணியாகவாசனம் என்று நினைத்துக் கையெடுத்துவிட்டேன். இல்லையாம். கொட்டை அரைபடும்போது உரசலில் மின்னேற்றம் வந்து தூள் மெஷினுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு சொட்டு ஈரம் அதை அடக்கிவிடுமாம். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2023-ல் இதை ஆராய்ந்து கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். ஒட்டினால் என்ன என்று கேட்டேன். தப்பாகிவிட்டது. நேற்றைய தூள் ஒரு கிராம் உள்ளே தங்கி இன்றைய தூளோடு கலந்தால் அது பழையது கலந்த புதுசு என்றார். பழையதில் நீராகாரம் குடித்து வளர்ந்த எனக்கு அதிலுள்ள அவமானம் பிடிபடவில்லை.

பிறகு 9 பார் அழுத்தம், 25லிருந்து 30 செகண்ட், 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி. கையில் வந்தது இரண்டு மிடறு. அதில் ஆரஞ்சுத் தோல் வாசனை தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். ஃபேன் போடுவார் என்ற நம்பிக்கைதான்.

அளப்பது ஒரு பங்கு என்றால் காப்பது மூன்று பங்கு. வறுத்த கொட்டை சும்மா இருக்காது. உள்ளிருந்து கரியமில வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். வறுத்த சூட்டோடு எஸ்பிரெஸோ போட்டால் அந்த வாயு நுரைத்துத் தள்ளிக் காரியத்தைக் கெடுக்கும். ஆகவே ஒரு வாரம், பத்து நாள் ஓய்வு. ரொம்ப நாள் விட்டால் காற்றுப் பட்டு வாசனை போய் எண்ணெய் சிக்கடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல காலம். சார் அதைப் பஞ்சாங்கம் மாதிரி நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார். பிறகு அந்த நல்ல காலத்தை அப்படியே உறைய வைத்துவிடலாம் என்று கண்டுபிடித்தார். அன்றோடு ஃப்ரீசர் அந்த அம்மாளின் கையை விட்டுப் போயிற்று.

ஐம்பது மில்லி பிளாஸ்டிக் குழாய்கள், ஆய்வகங்களில் வைத்திருப்பார்களே, அவை நாற்பது. ஒவ்வொன்றிலும் 18 கிராம். மூடியில் எஸ்டேட்டின் பெயர், வறுத்த தேதி, உறைந்த தேதி. ஒரே டப்பாவில் போட்டால் திறக்கிற ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றின் ஈரம் கொட்டைமேல் பனிக்கும் என்பதால் வேளைக்கு ஒரு குழாய். இது நியாயமான காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தோசை மாவும் மல்லிகைப் பூவும் இருக்கிற வீட்டில் கொட்டையைத் திறந்து வைத்தால் காப்பி எந்த வாசனையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்த பையன் ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாருக்கு சார் ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டான். கரண்ட் போனால் சார் ஃப்ரிட்ஜின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார், கருவறைக்குத் திரை போட்டிருக்கும்போது யாரும் உள்ளே எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளும் குருக்கள் மாதிரி.

ஒருதரம் ஓய்வில் இருந்த எத்தியோப்பியப் பொட்டலம் ஒன்றை ஜன்னலோரத்திலிருந்து குரங்கு தூக்கிக்கொண்டு போனது. மதில்மேல் உட்கார்ந்து கிழித்து, ஒரு கொட்டையைக் கடித்து, மூஞ்சியைச் சுளித்துத் துப்பியது. சார் வருத்தப்பட்டது கொட்டைக்காக அல்ல. "அதுக்கு டார்க் ரோஸ்ட்தான் பழக்கம்" என்றார்.

என் பாட்டி வீட்டில் காப்பிக் கொட்டை பச்சையாகத்தான் வரும். பச்சைக் கொட்டை தகர டின்னில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். இரண்டு மூன்று நாளைக்குத் தேவையானதைக் கரியடுப்பின்மேல் இரும்பு உருளையில் போட்டுச் சுற்றிச் சுற்றி வறுப்பாள். பலகையில் திருகி வைத்த கைமெஷினில் காலையில் அரைப்பது பேரன்களின் வேலை. கெட்டுப்போகிற பொருளைக் காப்பாற்ற நாற்பது குழாய் எதற்கு, கெடாத நிலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் ஆயிற்றே என்று சாரிடம் சொன்னேன். யோசித்தார். "உங்க பாட்டி கொட்டைக்கு ரெஸ்ட் குடுக்கலையே" என்றார். பாட்டிக்கே யாரும் ரெஸ்ட் கொடுக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

பாட்டிக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. நம் பித்தளை பில்டர் திடீர் விருந்தாளிக்கென்றே செய்த சாமான். நாலு பேர் கூட வந்தால் இன்னொரு தரம் வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாஷன் இறக்கலாம், பாலைக் கூட்டலாம், சிக்கரி கலந்த தூளாக இருந்தால் நிறமும் கெட்டியும் தாக்குப்பிடிக்கும். சட்டப்படி பாக்கெட்டில் 49 சதவீதம்வரை சிக்கரி இருக்கலாம். சாருக்கு அந்தச் சொல்லே ஆகாது. "அது வேருங்க" என்பார், முள்ளங்கியைச் சொல்கிற தொனியில். எஸ்பிரெஸோவில் இரண்டாம் டிகாஷன் கிடையாது. வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு குழாய். படியேறும் காலடிச் சத்தம் கேட்டால் சாரின் முகத்தில் 18 கிராம் குறையும்.

சென்னையில் என்றால் இது ஓடியிருக்கும். அங்கே யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. திருவண்ணாமலையில் வீடு இருக்கிறவனுக்கு மாதம் ஒரு பௌர்ணமி, வருஷத்துக்கு ஒரு தீபம், உலகமெல்லாம் சொந்தம்.

போன கார்த்திகை தீபத்துக்கு அவர்கள் வீட்டில் பதினோரு பேர். மலையுச்சிக் கொப்பரைக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய் என்று நாளிதழ்கள் எழுதுகிற ஊரில், சார் அன்று மாலை வரவேற்பறையில் பாக்குவெட்டியோடு உட்கார்ந்திருந்தார். "வரிசையா வந்தீங்கன்னா ஒரு மணி நேரத்துல எல்லாருக்கும் குடுத்துடலாம்" என்றார். "இது தர்ம தரிசனமா, அம்பது ரூபா டிக்கெட்டா?" என்றார் மச்சினர். முதல் கிண்ணம் வயதில் மூத்த அத்தைக்குப் போனது. அத்தை அந்த இரண்டு மிடறை உற்றுப் பார்த்தாள். "உத்தரணி எங்கேப்பா?" என்றாள்.

அதற்குமேல் யாரும் வரிசையில் நிற்கவில்லை. புளிக்காய்ச்சல் ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டில் வெளியே வந்தது. அதில் இருந்த சிக்கரி கலந்த தூள் ராத்திரி ஒன்பது மணிக்குள் தீர்ந்தது.

மகாதீபம் பார்த்து, 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றி, அந்தப் பதினோரு பேரும் திரும்பியபோது மூன்றரை மணி. எனக்குத் தூக்கம் கலைந்தது மிக்ஸிச் சத்தத்தில். விட்டு விட்டு, மூன்று முறை. மேலே ஓடிப்போய்ப் பார்த்தால் சமையல் மேடையில் பதினெட்டுக் குழாய்கள், மூடி தனி, குழாய் தனி. கூர்க், ஏற்காடு, எத்தியோப்பியா எல்லாம் ஒரே ஜாரில். சார் பால்கனியில் நின்று மலையுச்சியில் எரியும் தீபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் போனது. அத்தை டபராவில் ஆற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, "வாசனை நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சிக்கரி போட்டிருந்தா தூக்கிடும்" என்றாள்.

சார் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. உள்ளே வந்து மனைவியிடம், "எத்தனை செகண்ட் ஓட்டினே?" என்று கேட்டார்.

"நான் யாருன்னு கேக்க ஊரெல்லாம் இங்க வருது. இவருக்கு நான் யாருன்னே மறந்துபோச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்ன அந்த அம்மாள், அவர் பக்கம் திரும்பினாள். "செகண்டைக் கண்டேனா? ஒவ்வொரு தடவையும் அண்ணாமலைக்கு அரோகரான்னு சொல்ற நேரம்."

இரண்டு நாள் கழித்து அவருடைய காப்பி நோட்டைப் பார்த்தேன். வழக்கமான பொடி எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: '324 கிராம், மிக்ஸி, பெரிய ஜார், 3 அரோகரா.' பக்கத்தில் சிவப்பு மையில்: '1 அரோகரா = 4.2 செகண்ட். அத்தை சொன்னால் 6.'