தானியங்கிக்கு ஒரு துணையாள்

திருவனந்தபுரத்தில் ஒரு ஆட்டோமேட்டிக் மெஷின் தனியாக நிற்கிறது என்றால் அது ரிப்பேர் என்று அர்த்தம். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார். வயர், பிளக், வாரன்ட்டி கார்டு இவற்றோடு அவரும் அதே அட்டைப்பெட்டிக்குள் வந்து இறங்கினாரோ என்று சந்தேகம் வரும். அவருடைய பதவிப் பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஒரு இடத்தில் செக்யூரிட்டி, இன்னொரு இடத்தில் ஆபரேட்டர், பல இடங்களில் பெயரே கிடையாது. ஊர்க்காரர்கள் அவரை 'அண்ணா' என்று கூப்பிடுகிறார்கள். வடக்கே போனால் 'சேட்டா' ஆகிவிடுகிறவர் இந்த ஊரில் அண்ணன்தான். நாமும் அவரை மெஷினண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

மெஷினண்ணனின் உயர்ந்த ரகத்தைத் தரிசிக்க வேண்டுமானால் தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். முன்பதிவில்லாத டிக்கெட்டைப் பயணி தானே எடுத்துக்கொள்வதற்காக ரயில்வே ஸ்டேஷன்களில் வைத்த ஏடிவிஎம் மெஷின் அங்கே இருக்கிறது. பயணி தானே எடுக்கலாம் என்பது சட்டம். மெஷினண்ணன் எடுத்துக் கொடுப்பார் என்பது நடைமுறை. வயது 60க்கு மேல். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடக்கியிருப்பார். கழுத்தில் அடையாள அட்டை, பையில் ரப்பர் பேண்ட் போட்ட 10 ரூபாய்க் கட்டு. கண் வரிசையில் இருக்கும், கை திரையில் இருக்கும். ஒன்றோடொன்று கலந்தாலோசிப்பதில்லை. திரையில் அடுத்த பக்கம் வருவதற்கு முன்பே, அந்தப் பக்கத்தில் பொத்தான் எங்கே முளைக்கப் போகிறதோ அங்கே விரல் போய்க் காத்து நிற்கும். விரல் நுனிக்கு அசையாத திரையை நடுவிரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். மெஷின் உடனே பணிந்துவிடும்.

"எங்க போணும்?"

"எரணியல்."

"ஒருத்தருக்கா?"

"ரெண்டு பேர்."

"திரும்பி வாறதுக்கும் வேணுமா?"

"வேண்டாம்."

"சில்லறை உண்டுமா?"

இந்த நாலு கேள்விகளில் முதல் மூன்றும் மெஷினுக்குள்ளேயே இருக்கின்றன. நாலாவதைக் கேட்கிற தைரியம் எந்த மெஷினுக்கும் இன்னும் வரவில்லை. இதற்குமேல் டிக்கெட்டில் அச்சாகாத சங்கதிகளும் அவர் வாயிலிருந்து இலவசமாக வரும். எந்த வண்டி லேட், எது எந்த பிளாட்பாரம், எந்த வண்டியில் ஏறினால் பாறசாலைவரை ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், பத்து நிமிஷம் பொறுத்தால் காலியாக வருவது எது. தமிழருக்குத் தமிழில், மலையாளிக்கு மலையாளத்தில், மேற்கு வங்காளத்துத் தொழிலாளிக்கு இரண்டும் கலந்த ஒரு இந்தியில்.

அவரைச் சட்டை செய்யாமல் தாங்களே டிக்கெட் எடுப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் டெக்னோபார்க் அடையாள அட்டை போட்ட பிள்ளைகள். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்பதால், அங்கே வேலை செய்கிறவருக்கு ஒரு டிக்கெட் மெஷினிடம் தோற்பது கௌரவக் குறைச்சல். அப்படி ஒரு இளைஞர் திரையில் கழக்கூட்டம் ஸ்டேஷனைத் தேடுவார். கண்டுபிடிப்பார். எந்த வழி என்று திரை கேட்கும். யோசிப்பார். அவர் யோசிப்பதைப் பார்த்து மெஷின் அலுத்துப்போய் முதல் பக்கத்துக்கே திரும்பிவிடும். பின்னால் வரிசை கனைக்கும். அப்போது இளைஞரின் தோளுக்கு மேலாக ஒரு விரல் நீளும். டக், டக், டக். டிக்கெட் வந்து விழும். மெஷினண்ணன் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த மௌனம்தான் தாங்க முடியாது.

இவருக்குக் கிடைப்பது என்ன? சம்பளம் கிடையாது. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் போன்றவர்களை 'ஃபெசிலிடேட்டர்' என்ற பெயரில் ரயில்வே அமர்த்துகிறது. அவர்கள் தங்கள் பணத்தைப் போட்டு ஸ்மார்ட் கார்டை ரீசார்ஜ் செய்ய வேண்டும். அதற்கு 3 சதவீதம் கூடுதலாக ஏறும். அதுதான் வரும்படி. குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய். கணக்குப் போட்டால் ஒரு டிக்கெட்டுக்கு 30 பைசா. 100 பேருக்கு விரலை நீட்டினால் 30 ரூபாய். ஸ்டேஷன் வாசலில் ஒரு சாயாவுக்கும் பழம்பொரிக்கும் சரியாகப் போகும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேலைக்காலம் முழுவதும் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவரே இப்போது வெளியே நின்று டிக்கெட் கொடுப்பதும் உண்டு. அதே டிக்கெட், அதே குழித்துறை, அதே விரல். உள்ளே இருந்தபோது சம்பள ஸ்கேல், பஞ்சப்படி, லீவு, மின்விசிறி, ஒரு நாற்காலி எல்லாம் இருந்தன. மெஷின் வந்தால் ஆள் போய்விடுவார் என்று நாம் பயந்துகொண்டிருந்தோம். ஆள் போகவில்லை. நாற்காலிதான் போயிற்று.

மெஷினண்ணனின் சொந்தக்காரர்கள் நகரம் முழுக்கப் பரவியிருக்கிறார்கள். பாஸ்புக்கில் வரவுசெலவு அடித்துத் தருகிற மெஷின் பக்கத்தில், பாஸ்புக்கைத் தலைகீழாக நுழைப்பவர்களைத் தடுப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். டோல் கேட்டில் 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். வண்டி நிற்காமலே பணம் பிடித்துவிடும் என்றார்கள். வண்டி நிற்கிறது. ஒருவர் நீளக் கம்பி வைத்த ஸ்கேனரோடு ஓடிவந்து, கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு நேராக அதைப் பிடித்துத் தீபாராதனை காட்டிவிட்டு அடுத்த காருக்கு ஓடுகிறார். அரசாங்க விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன். வீட்டிலிருந்தபடியே போடலாம் என்பதால் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அட்சயா மையத்துக்குப் போகிறார்கள். 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய மையங்கள் அவை. அங்கே ஒரு பெண் நம் பெயர், நம் அப்பா பெயர், நம் வருமானம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து, நம் போனுக்கு வந்த ஓடிபியையும் நம்மிடமே கேட்டு வாங்கி, கட்டணமும் வாங்கிக்கொள்வார்.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனதும், அந்த வருஷம் பிறந்திருந்த யுபிஐ வேகமாக வளர்ந்தது. இன்று சாலைக் கம்போளத்தில் கொத்தமல்லிக் கட்டுக்காரிகூட ஸ்கேன் பண்ணச் சொல்கிறாள். ஆனால் போன் இல்லாத பாட்டியம்மா என்ன செய்வாள்? வரிசையில் பின்னால் நிற்கிற பையனிடம் நோட்டைக் கொடுத்து, "மோனே, நீ ஜிபே பண்ணு" என்பாள். அவன் அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஒரு நடமாடும் ஏடிஎம். மெஷினண்ணன் இனத்தின் கௌரவ உறுப்பினன்.

வீட்டுக்குள்ளும் இந்த இனம் உண்டு. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் நிறைந்த ஊர் இது. நவம்பர் வந்தால் மத்திய அரசு பென்ஷன்காரர் தாம் உயிரோடிருப்பதை நிரூபித்தாக வேண்டும். அதற்காக 2014இல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்தது. 2021இல் போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்றார்கள். கரமனை அக்ரகாரத்தில் ஒரு மாமாவுக்குப் பக்கத்து வீட்டுப் பையன்தான் துணையாள்.

"மாமா, கண்ணை மூடித் திறங்கோ."

"மூடிட்டேன்."

"மூடினேள். திறக்கலையே!"

"வெளிச்சம் அடிக்கிறதுடா."

"இன்னொரு தடவை. இப்ப திறந்தேள், மூடலை."

உள்ளே இருந்து மாமி: "ஆபீஸ்ல முப்பது வருஷம் கண்ணை மூடிண்டேதான் இருந்தார். இன்னிக்குன்னு பார்த்து மூட மாட்டேங்கறார்!"

கடைசியில் போன் சம்மதித்துவிட்டது. மாமா சட்டப்படி உயிரோடு இருக்கிறார். பையனுக்கு ஒரு தட்டை கிடைத்தது. 30 பைசாவைவிட அது மேல்.

காவல்துறைகூட 2019 பிப்ரவரியில் இந்த ஊரின் போலீஸ் தலைமையகத்து வரவேற்பறையில் ஒரு ரோபோவை வைத்தது. சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்து கொடுத்தார்கள். அது முதல் சல்யூட்டை முதலமைச்சர் பினராயி விஜயனுக்கு அடித்தது. சல்யூட்டை வாங்கிக்கொள்ள அங்கேயும் ஒரு மனிதர் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது பாருங்கள்.

மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பது கேரளத்துக்குப் புதிதல்ல. அதற்குக் கூலியே இருந்தது. டிப்பர் லாரி தானே மண்ணைக் கொட்டும், கிரேன் தானே கல்லை இறக்கும். சுமைத்தொழிலாளிகள் நின்று பார்ப்பார்கள். பார்த்ததற்குப் பணம் கேட்பார்கள். நோக்குகூலி என்று பெயர். வீடு கட்டியவர்கள் அதற்குப் பயந்து ராத்திரியில் செங்கல் இறக்கிய கதைகள் ஏராளம். 2018 மே 1 முதல், அதாவது தொழிலாளர் தினத்தன்றே, அரசு அதை ஒழித்தது. ஒழித்த பிறகும் 2021 செப்டம்பரில் தும்பா ராக்கெட் மையத்துக்குக் காற்றுச் சுரங்கக் கருவி ஏற்றி வந்த லாரியை மறித்து நோக்குகூலி கேட்டார்கள். ராக்கெட் விஞ்ஞானமும் வழிவிட வேண்டிய விஞ்ஞானம் அது.

நோக்குகூலி அடாவடிதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு அடியில் ஒரு பயம் இருந்தது. 1980களில் கம்ப்யூட்டரை எதிர்த்துக் கொடி பிடித்ததற்கும் அதே பயம்தான் காரணம். இப்போது கணக்கு அப்படியே மாறிவிட்டது. அன்று மெஷின் வேலை செய்தது, மனிதன் பார்த்துக்கொண்டிருந்தான், கூலி மனிதனுக்கு. இன்று மனிதன் வேலை செய்கிறான், மெஷின் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆட்டோமேட்டிக் என்ற பேர் மெஷினுக்கு. பெட்ரோல் பங்கில், பாங்கில், ஹோட்டலில் நாமே ஸ்கேன் செய்து, நாமே தட்டி, நாமே சரிபார்த்து, கடைசியில் "எங்கள் சேவை எப்படி இருந்தது?" என்று அது கேட்கும்போது ஐந்து நட்சத்திரமும் நாமே போடுகிறோம். சம்பளமில்லாத குமாஸ்தாக்களாக ஊரே வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

பக்கத்தில் நிற்பதே பதவி உயர்வான இடமும் இந்த ஊரில் உண்டு. 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளிகளும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் விஷவாயுவில் இறந்தார்கள். அந்தச் செய்தியால் உந்தப்பட்ட இளம் பொறியாளர்கள் 'பாண்டிகூட்' என்ற ரோபோவைச் செய்தார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது முதன்முதலாக மேன்ஹோலுக்குள் இறங்கியது. குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தவர்களே அதை இயக்கப் பழகி, மேலே, வெயிலில், காய்ந்த சட்டையோடு நின்று பொத்தானை அழுத்தினார்கள். இந்த மெஷினண்ணனைப் பார்த்துச் சிரிக்க வராது. எழுந்து கைகுலுக்கலாம்.

விழிஞம் துறைமுகமும் அப்படித்தான். 2025 மே 2இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தில் யார்டு கிரேன்கள் தானியங்கி. அவற்றைக் கண்காணித்து இயக்குபவர்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருக்கிறார்கள். மீனவக் குடும்பத்துப் பெண்களும் அதில் உண்டு. ஏசி அறையில் திரை முன்னால் உட்கார்ந்து, கன்டெய்னர் எழும்புவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொள்கிறார்கள். வேலையே நோக்குவதுதான், கூலி மாதச் சம்பளம். ஒழித்துக் கட்டிய நோக்குகூலி கடைசியில் அடையாள அட்டையும் வருங்கால வைப்புநிதியுமாகக் கடற்கரைக்குத் திரும்பிவிட்டது. இந்தத் தடவை நாற்காலியும் உண்டு.

தம்பானூரில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தகப்பனார், மகன் ஏஐ படிக்கப் போவதாகவும், எல்லா வேலையையும் இனி அதுவே செய்துவிடுமாமே என்றும் கவலைப்பட்டார். மெஷினண்ணன் திரையில் பாறசாலையை முட்டியால் தட்டியபடி சொன்னார்:

"அதெல்லாம் ஒண்ணும் பயப்படாண்டாம். அதுக்குப் பக்கத்திலயும் ஒரு ஆளு வேணும். வேலையில சேரும்போது ஸ்டூல் தருவாவளான்னு மட்டும் கேட்டு எழுதி வாங்கச் சொல்லும். சில்லறை உண்டுமா?"