மஹய்யாவ உறைபனி குறித்துத் தங்கள் மேலான கவனத்துக்கு

மேன்மைதங்கிய அதிகாரி அவர்களுக்கு,

கண்டி மஹய்யாவ மேட்டில் குப்பை ட்ரெயிலரை இழுக்கும் டிராக்டரின் பின் டயர்களுக்குள் தண்ணீர் நிரப்ப அனுமதி கேட்ட விண்ணப்பம், தங்கள் அலுவலகத்தின் நான்கு குறிப்புகளோடு இந்த வாரம் திரும்பி வந்து சேர்ந்தது. டயருக்குள் இருக்கும் தண்ணீர் உறையாமலிருக்க உரிய இரசாயனம் கலக்கப்பட்டதற்கான சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்பது முதற் குறிப்பு. தங்கள் தொலைநோக்குக்குத் தலை வணங்குகிறோம். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவிலாவது தை, மாசி விடியலில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிவதுண்டு. இங்கே தண்ணீர் கட்டியாக வேண்டுமென்றால் ஐஸ் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். ஆனாலும் கட்டுகஸ்தோட்டை வீதியில் என்றைக்காவது பனிப்பாறை இறங்கி வந்தால், அதை எதிர்பார்த்திருந்த ஒரே அலுவலகம் தங்களுடையது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.

அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. 1932இல் அமெரிக்காவின் அலிஸ்-சால்மர்ஸ் கம்பனி டிராக்டரை இரும்புச் சக்கரத்திலிருந்து இறக்கிக் காற்று டயரில் ஏற்றியது. டயர் வழுக்கியபோது உள்ளே தண்ணீரை ஊற்றி எடை கூட்டும் வழக்கம் பிறகு பரவியது. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் மாரியில் அந்தத் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கல்சியம் குளோரைட் உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். அது தண்ணீரைவிடக் கனமானது, எளிதில் உறையாது, ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். அந்த நாட்டுக் கையேட்டின் எச்சரிக்கைப் பக்கத்தைத் தங்கள் அலுவலகம் பக்தியோடு பிரதியெடுத்திருக்கிறது. கையேடு எந்த ஊருக்கு எழுதப்பட்டது என்று பார்க்க நேரம் கிடைத்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் இரண்டாவது குறிப்பு, ரிம் துருப்பிடிக்குமே என்று கவலைப்படுகிறது. முதற் குறிப்பின்படி அந்த உப்பைக் கலந்தால்தான் அந்தக் கவலைக்கே பெரிய காரணம் உண்டாகும். டியூப் போட்ட டயரில் தண்ணீர் டியூப்புக்குள் கிடக்கிறது, டியூப் பழுதில்லாதவரை ரிம்மைத் தொடுவதேயில்லை. கண்டிக்கு வெறும் தண்ணீர் போதும்.

தண்ணீர் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறோம். நடுத்தர டிராக்டரின் பின் டயர் ஒன்றில், வால்வை மேலே திருப்பி அந்த மட்டம் வரை நிரப்பினால், கொள்ளளவில் முக்கால் பங்கு நிரம்பும். மிச்சக் கால்பங்கு காற்று, மெத்தையாக நிற்கும். டயரின் அளவைப் பொறுத்து 150 முதல் 200 லீட்டர் பிடிக்கும். ஒரு லீட்டர் ஒரு கிலோ என்பதால் இரண்டு டயருக்கும் சேர்த்து 300, 400 கிலோ. அந்த எடை அச்சின்மேல்கூட ஏறுவதில்லை, நேராக நிலத்தை அழுத்துகிறது. ஈர வீதியில் மேடேறும்போது சக்கரம் சும்மா சுற்றாமல் பிடிக்க அதுதான் உதவுகிறது. இறங்கும்போது இன்னும் அதிகம் உதவுகிறது. இந்த வகை டிராக்டரின் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே இருக்கிறது. நிறைந்த ட்ரெயிலர் முதுகில் தள்ளும்போது அந்த இரண்டு டயரும் வழுக்கினால் முன்னே இருக்கும் டிராக்டர் பக்கவாட்டில் மடிந்து நிற்கும். வார்ப்பிரும்பு எடைகளும் இந்த வேலையைச் செய்யும், காசு கொடுத்து வாங்கித்தர மேன்மைதங்கிய தாங்கள் மனம் வைத்தால். தண்ணீருக்கு ஒருமுறை ஊற்றும் செலவுதான். ஊற்றியது ஆவியாகாது, உறையாது (மன்னிக்கவும், சான்றிதழ் இல்லாமல் சொல்லிவிட்டோம்).

கூடுதல் எடை வீண் என்னும் மூன்றாவது குறிப்பில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. சமதரையில் மட்டும் ஓடும் டிராக்டருக்கு இந்த எடை வீண் சுமை. டீசல் கூடும், குலுக்கல் கூடும், பஞ்சர் ஒட்டுகிறவர் முகம் சுளிப்பார். சேற்று வயலில் எடை எதிரியே ஆகிவிடும், அதனால்தான் அங்கே எடையைக் கூட்டாமல் இரும்புக் கூட்டுச் சக்கரம் மாட்டுகிறார்கள். ஆனால் இந்த டிராக்டர் உழுவது அநுராதபுரத்து வயலை அல்ல. ஏ9 வீதி தொடங்கும் நகரத்தின் மலைச்சந்துகளில் ஏறி இறங்கி, மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொடைவரை ஊரின் கழிவை இழுக்கிறது. எல்லா டிராக்டருக்கும் ஊற்றுங்கள் என்று கேட்கவில்லை, மேடேறும் டிராக்டருக்குத்தான் கேட்டோம். மேடு இருக்கிறதா என்று பார்க்க ஒருவரை அனுப்பியிருக்கலாம். கம்பளிச் சட்டையும் பனிச் சப்பாத்தும் போட்டே வந்திருக்கலாம், வரவேற்றிருப்போம்.

நான்காவது குறிப்புக்கு வருகிறோம். சக்கரம் வழுக்கினால் தொழிலாளர் இருவர் மூவரைப் பின்பக்கம் ஏற்றி எடையைச் சரிசெய்துகொள்ளலாம் என்கிறது அது. இதில் பகடி செய்ய ஒன்றுமில்லை. ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து இந்த நகரைத் துப்புரவு செய்யக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் மஹய்யாவையில் இருக்கிறார்கள். அவர்களை எடைக்கல்லாக வைக்கலாம் என்று கையொப்பமிட ஒரு கை இருந்திருக்கிறது. கணக்கும் தப்பு. ஒரு மனிதர் 60 கிலோ என்றால் மூவர் 180 கிலோ, ஒரு டயர்த் தண்ணீரின் அளவு. அந்த எடையும் அச்சுக்குப் பின்னால், இழுவைக் கொக்கியருகே நிற்கிறது. மேடேறும்போது ஏற்கெனவே இலேசாகும் முன் சக்கரங்களை அது இன்னும் தூக்கும், ஸ்டியரிங் பயனற்றுப்போகும். தண்ணீர் கீழே விழுந்து காலை முறித்துக்கொள்ளாது, அதற்கு மனைவி பிள்ளைகள் இல்லை. சிந்தினால் துடைக்கலாம். மனிதர் விழுந்தால் தங்கள் படிவத்தில் எந்தக் கூட்டில் நிரப்புவீர்கள்?

மன்னிக்கவும், குரல் சற்று உயர்ந்துவிட்டது. உறைபனிக் காலத்தில் இப்படித்தான் தொண்டை கட்டும்.

டயரில் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை என்பதையும் தங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேக் இல்லாத ட்ரெயிலருக்குத் தண்ணீர் மருந்தாகாது. சுமை கூடியபோது எத்தனை லீட்டர் ஊற்றினாலும் ட்ரெயிலர் தள்ளத்தான் செய்யும். ட்ரெயிலருக்குத் தனி பிரேக் வேண்டும், ஏற்றும் சுமைக்கு வரம்பு வேண்டும், முன்பக்கத்துக்கும் எடை வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றிலும் மலிவானது, ஒரு காலைப் பொழுதில் முடிவது, குழாயும் ஒரு காற்றுப் பம்பும் மட்டும் கேட்பது டயர்த் தண்ணீர்தான். மலிவானதையே மறுக்கும் அலுவலகம் விலை கூடியதைத் தரும் என்று நம்ப எங்களுக்குத் துணிவில்லை.

ஆகவே மேன்மைதங்கிய தங்களிடம் கேட்பது இவ்வளவே: முதற் குறிப்பையும் இரண்டாம் குறிப்பையும் நீக்குங்கள். மூன்றாவதை மலைப்பாதை டிராக்டர்களுக்குப் பொருந்தாது என்று திருத்துங்கள். ட்ரெயிலருக்குப் பிரேக் பூட்டும் செலவை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் எழுதுங்கள். நான்காவது குறிப்பை எழுதியவர் யாரோ, அவர் அதைத் தம் கையாலேயே வெட்டிக் கையொப்பமிட்டு அனுப்பட்டும்.

இங்ஙனம்,
மஹய்யாவ வாசிகள்