மலையடிவாரத்து ஜஸ்டிஸ் லீக்

அம்மா பேர் ஒன்றாக இருந்தால் சண்டை நின்றுவிடும் என்பது உண்மையானால், ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காவல் நிலையமே தேவைப்பட்டிருக்காது. தெருவுக்கு நாலு ஆண்டாள், எதிர்வீட்டில் ஒரு கோதை என்று இருக்கிற ஊர் அது. ஆனாலும் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு எதற்கும் குறைவில்லை. 2016இல் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்தில் ஈட்டியை ஓங்கிக்கொண்டு நிற்கும் பேட்மேன், இருவர் அம்மாவுக்கும் மார்த்தா என்றே பேர் என்று தெரிந்ததும் சாந்தமாகிவிடுகிறார். ராஜபாளையத்துத் தியேட்டரில் எனக்குப் பின்வரிசையில் இருந்தவர், "எங்க அம்மா பேரும் மாமியா பேரும் ஒண்ணுதான். நிக்கவா செஞ்சுச்சு?" என்றார். கைதட்டல் விழுந்தது அவருக்குத்தான்.

இதற்குப் பிறகும் 2017 நவம்பரில் 'ஜஸ்டிஸ் லீக்' தமிழ் பேசி வந்தபோது கிளம்பிப் போனோம். பேட்மேன், சூப்பர்மேன், வொண்டர் வுமன், அக்வாமேன், ஃப்ளாஷ், சைபோர்க் என்று ஒரே டிக்கெட்டில் ஆறு பேர். சும்மா விட மனசு வருமா? இரண்டு மணி நேரத்தில் வெளியே தள்ளிவிட்டார்கள். ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்தால் ஏதோ ரீலை வெட்டிவிட்டார்கள் என்று ஆபரேட்டர் அறையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் நாங்கள். சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவரும் பேசவில்லை. நல்ல படமென்றால் அங்கேயே பாதிக் கதையைத் திரும்பச் சொல்லி முடித்திருப்போம்.

விசாரணை அடுத்த ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்பில் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே தென்னந்தோப்பும் மாந்தோப்பும் தாண்டினால் மலையடிவாரம். ஐப்பசி மழை பெய்திருந்ததால் ஓடையில் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பாறை, நடுவில் புளியோதரைத் தூக்குவாளி. நூற்பாலையில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்த அத்தை மகன், சலூன் வைத்திருக்கும் நண்பர், காமிக்ஸ் படித்துக் கெட்டுப்போன தம்பி, எம்.ஜி.ஆர். படங்களைத் தவிர மற்றதெல்லாம் செய்திப்படம் என்று நினைக்கும் பெரியப்பா. பெரியப்பாவைத் தியேட்டருக்கு இழுத்துப்போனது நான்தான் என்பதால் முதல் குற்றவாளிக் கூண்டு எனக்கு.

அத்தை மகனுக்கு பேட்மேன் மேல்தான் ஆத்திரம். உனக்கு என்ன சக்தி என்று ஃப்ளாஷ் கேட்கிறான். நான் பணக்காரன் என்கிறார் பேட்மேன். "இது ஒரு சக்தியாய்யா? எங்க முதலாளிக்கும் இதே சக்திதான். அவர யாரு படம் எடுக்கா?"

பெரியப்பாவுக்கோ செத்த சூப்பர்மேனை எழுப்புகிற கட்டம் பொறுக்கவில்லை. மர்மப்பெட்டியை வைத்து, மின்னலை வரவழைத்து, கட்டடம் அதிர, அத்தனை பாடுபட்டு எழுப்புகிறார்கள். எழுந்தவர் முதல் வேலையாக எழுப்பியவர்களைப் போட்டு அடிக்கிறார். "ராஜபாளையத்துக்குள்ள சஞ்சீவி மலை நிக்குது. அனுமாரு தூக்கிட்டுப் போகையில விழுந்த துண்டு. அன்னைக்கு லெச்சுமணன் எந்திரிச்சு அனுமாரக் கன்னத்துலயா அடிச்சாரு?" ராஜபாளையத்துக்காரர்கள் இந்த மலையைத் தினமும் பார்த்துக்கொண்டு டீ குடிப்பவர்கள். உயிர் எழுப்பும் காட்சியில் அவர்களை ஏமாற்ற ஹாலிவுட் இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

ஆனால் அன்றைக்கு நீதிபதி நாற்காலி சலூன் நண்பருக்குத்தான். படம் ஆரம்பித்த நொடியில், சின்னப் பையன்கள் செல்போனில் சூப்பர்மேனைப் பேட்டி எடுக்கும் காட்சியிலேயே, அவர் என் தொடையைக் கிள்ளி, "வாயில என்னமோ ஆயிருக்கு" என்றிருந்தார். நான் பாப்கார்ன் ஞாபகத்தில் விட்டுவிட்டேன். இப்போது விளக்கினார். ரொம்ப நாள் வைத்திருந்த மீசையை எடுத்தால் மூக்குக்குக் கீழே வெளுத்துத் தெரியும், வெயில் பட்டுச் சரியாக ஒரு வாரமாகும், ஆனால் சிரித்தால் மற்ற முகத்தோடு சேர்ந்துதான் சிரிக்கும். "இவருக்கு மேலுதடு தனியா, மூஞ்சி தனியாச் சிரிக்குது. இது கத்தி எடுத்த மீசை இல்ல."

தம்பிக்கு மூச்சே நின்றுவிட்டது. விஷயம் அவனுக்குத் தெரியும். இயக்குநர் ஜாக் ஸ்னைடர் மகளை இழந்த துயரத்தில் பாதியில் விலகிக்கொள்ள, ஜாஸ் வீடன் வந்து பல காட்சிகளைத் திரும்ப எடுத்தார். அதற்குள் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கவில், 'மிஷன் இம்பாசிபிள்' படத்துக்காக மீசை வளர்த்துவிட்டார். அந்தப் படத்தை எடுத்த பாரமவுண்ட் கம்பெனி மீசையை எடுக்கவிடவில்லை. மீசையோடு நடிக்கவைத்து, பிறகு கம்ப்யூட்டரில் வழித்தார்கள்.

நண்பர் கொஞ்ச நேரம் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "செரைச்சுட்டு, அந்தப் படத்துக்கு ஒட்டு மீசை ஒட்ட வேண்டியதுதான? எங்க ஊரு பொங்கல் நாடகத்துக்கு நானே ஒட்டி விட்டிருக்கேன். வியர்த்தாக்கூட விழாது." பல கோடி டாலர் செலவழித்த ஒரு கம்பெனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் சலூன்காரர் ஒருவர் இல்லாமல் போனது யார் குற்றம்?

இவ்வளவும் சில்லறை வழக்குகள். பெரிய வழக்கைப் பெரியப்பா கடைசியில் எடுத்தார். ஐந்து பேர் சேர்ந்து அடித்தும் அசையாத வில்லனை, சூப்பர்மேன் வந்து தனியாக நொறுக்குகிறார். "அப்ப மத்த அஞ்சு பேரு எதுக்கு? பந்தி பரிமாறவா?" எங்கள் பக்கத்து ரசிகனின் கணக்கே இதுதான் என்று எனக்குப் படுகிறது. லாஜிக் இல்லாவிட்டால் மன்னிப்பான். மனிதன் பறந்தால், சுவரை உடைத்தால், தண்ணீருக்குள் பேசினால் தலையாட்டுவான். கூப்பிட்டு வந்த ஆளுக்கு உரிய மரியாதை இல்லையென்றால் மட்டும் பொறுக்கமாட்டான். கல்யாண வீட்டில் சாப்பாடு சுமார் என்பதை மறந்துவிட்டு, மாமனை மேடைக்குக் கூப்பிடவில்லை என்பதை முப்பது வருஷம் சொல்லிக் காட்டும் ஜனம் அல்லவா?

'கூண்டுக்கிளி'யைப் பெரியப்பா உதாரணம் காட்டினார். 1954இல் டி. ஆர். ராமண்ணா எடுத்த படம், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம். நண்பனின் மனைவி மேல் ஆசைப்படுபவர் சிவாஜி, அந்த நண்பர் எம்.ஜி.ஆர். யார் கை ஓங்கினாலும் தியேட்டரில் பாதிப் பேர் முகம் சுருங்குமே! படம் ஓடவில்லை. மறுவருஷமே அதே ராமண்ணா எம்.ஜி.ஆரை மட்டும் வைத்து 'குலேபகாவலி' எடுத்தார், பிய்த்துக்கொண்டு ஓடியது. ரஜினியும் கமலும் 1979க்குப் பிறகு தமிழில் தனித்தனிக் கடை போட்டதற்கும் இந்தக் கணக்கு தெரிந்ததுதான் காரணமாக இருக்கும்.

சேர்ந்து நடித்தால் விளங்காது என்றும் சொல்லிவிட முடியாது. கோயில் கொடைக்கு ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறெங்கோ. தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கி வருவார்கள். ஒத்திகை கிடையாது. அரிதாரம் பூசும்போதுதான் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை விடியவிடிய நடத்துவார்கள். வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கினால் இருவரில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நமக்கும் தூக்கம் வராது. ராஜபார்ட் வந்த பஸ் லேட்டானால் பபூன் ஒரு மணி நேரம் தனியாக இழுத்துப் பிடிப்பார். அவருக்கும் தனிக் கைதட்டல், சட்டையில் குத்திவிட்ட ரூபாய் நோட்டு. மார்த்தா பேரைச் சொல்லித் தர்க்கத்தை முடித்தால் அந்த மேடையில் செருப்பு விழும்.

2019இல் 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். குரல் ஒட்டவில்லை என்று தமிழ்நாடு முழுக்க முணுமுணுத்தார்கள். எங்கள் பக்கம் பேச்சே வேறு. அவர் பிறந்தது ராஜபாளையத்தில். அந்த இரும்புச் சட்டைக்குள் நம்மூர்க்காரர் இருக்கிறார் என்று அத்தை மகன் ஆலையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். பெரியப்பாகூடக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். "ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வாசல் தொறந்து விட்டானே, அது மரியாதை" என்றார்.

ஜஸ்டிஸ் லீக் வழக்கு அதோடு முடியவில்லை. ரசிகர்கள் இயக்குநரின் வெட்டாத பிரதியைக் கேட்டு வருஷக்கணக்கில் கூச்சல் போட்டு, 2021 மார்ச்சில் வரவழைத்துவிட்டார்கள். 242 நிமிடம். தம்பி செல்போனில் போட்டுக் காட்ட, பெரியப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கி, நடுவில் தூங்கி, எழுந்து, காபி குடித்து முடித்தார். சைபோர்க்குக்கு இதில் அப்பா, அம்மா, அழுகை என்று முழுக்கதையே இருக்கிறது. முந்தின படத்தில் பையனைக் கறிவேப்பிலையாக எடுத்துப் போட்டிருந்தார்கள் என்பதில் அவருக்கு நிஜமான வருத்தம்.

அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் மலையிலும் ஒரு கூட்டுப்படம் ரிலீஸானது. 1988 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டுக்குச் சாம்பல் நிற அணில் சரணாலயம் என்று பேர். அதையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், நாட்டில் 51ஆவது. காட்டுக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் அத்தனை வருஷம் தனி ஹீரோவாக நடித்த அணிலுக்கு டைட்டிலில் இடமில்லை. அடுத்த தடவை தோப்புக்குப் போனபோது, மரத்தின் உச்சாணிக் கிளையில் நீள வாலைத் தொங்கவிட்டு அது காயைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சலூன் நண்பர் சோதனைச்சாவடிக் காவலரிடம் நியாயம் கேட்டார்.

"ஏண்ணே, அணிலோட பேர எடுத்துட்டீங்களே, அது பாவமில்லையா?"

"அது வந்து ஒங்ககிட்டச் சொல்லுச்சாக்கும்? பையத் தொறங்க, பிளாஸ்டிக் இருக்கா பாப்போம்."