கூறியது கூறல்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் ஒரு கடிதக் கம்பி தொங்கும். மேலே கொக்கி, கீழே ஒரு மரவட்டு. சாம்பியன் ரீஃப் சுரங்க ஆபீசில் கிளார்க்காக இருந்த தாத்தா கோலார் தங்கவயலிலிருந்து எழுதிய கார்டுகளும் இன்லாண்டுகளும் அதில் குத்தியிருந்தன. எண்ணினால் 212. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அத்தைதான் வராந்தாவில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுவாராம்.

1999-இல் எனக்கு சாஃப்ட்வேர் வேலை. கையில் சம்பளம், தலையில் கனம். நான்கு மாதம் ராத்திரியில் உட்கார்ந்து அத்தனை கடிதத்தையும் தமிழ் எழுத்துருவில் அடித்தேன். 600 கேபி வந்தது. 1.44 எம்பி ஃப்ளாப்பியில் அப்படியே போட்டிருந்தாலும் பாதி காலியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதே ஃப்ளாப்பியில் ஒரு சீட்டாட்டத்துக்கும் இடம் வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் டார் கட்டாகக் கட்டி, ஜிஜிப் போட்டு 200 கேபிக்குள் நசுக்கினேன். பிறகு, “அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே” என்று கடிதங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். அவர் நாணயஸ்தர். எடை போடும் முன் கம்பியை உருவித் திருப்பிக் கொடுத்தார்.

சுரங்கத்தை 2001-இல் மூடிவிட்டார்கள். வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி. கம்பியில் என் சாவிக்கொத்து தொங்குகிறது. போன மாதம் அத்தை, “அப்பா லெட்டரை ஒருக்கா படிச்சுக் காட்டேன்டா” என்றார். எஸ்.பி. ரோட்டில் அலைந்து யுஎஸ்பியில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி வந்தேன்.

சீட்டாட்டம் பழுதில்லாமல் திறந்தது. கடிதக் கட்டு 97-ஆம் கடிதத்தோடு நின்றுவிட்டது.

நானும் அக்காள் மகனும் முதல் வேலையாக ஃப்ளாப்பியின் 2,880 செக்டரையும் நகலெடுத்துவிட்டு, மூலத்தைத் தொடாமல் நகலில் கைவைத்தோம். கெட்டுப்போனவை ஏழே செக்டர், மூன்றரை கேபி. ‘ஜிப்’ போட்டிருந்தால் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருங்கியிருக்கும். சில கடிதங்களோடு சேதம் முடிந்திருக்கும். கம்பியும் அப்படித்தான், ஒரு கார்டைக் கரையான் தின்றால் அடுத்த கார்டு பிழைத்துக்கொள்ளும். நான் கட்டியதோ ஒரே கயிறு.

அந்தக் கயிறு திரித்த விதம் வேடிக்கையானது. லெம்பல், ஜிவ் என்ற இருவர் 1977-இல் சொன்ன உத்தி அது: ஒரு சொற்றொடர் மறுபடி வந்தால் மறுபடி எழுதாதே, ‘இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட் எடுத்துக்கொள்’ என்று மட்டும் குறித்துவை. ஜிஜிப் இப்படி 32,768 பைட் வரை பின்னால் கைகாட்டும். கூறியது கூறலை நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்தது. ஜிஜிப் அந்தக் குற்றத்தை விசாரணையே இல்லாமல் நாடு கடத்தியது.

அக்காள் மகன் ஒரு சின்ன நிரல் எழுதி, சேதத்துக்கு அப்பால் அடுத்த பிளாக் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பிடித்தான். 31 கடிதங்கள் அடியோடு போயின. மீதி 84 வந்தன, ஓட்டைகளோடு. அந்தக் காலத்து எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றியதும் திரையில் இப்படி நின்றது: “?????? ?????? மாரிக்குப்பம் வண்டி இன்று லேட். ???? ?????? பார்க் ?????? வேண்டாம்.”

கவனித்துப் பார்த்தேன். புதிதாகச் சொன்னதெல்லாம் இருந்தது. தாத்தா வாராவாரம் சொன்னதுதான் கேள்விக்குறியாகியிருந்தது. அந்த இடங்களெல்லாம் காணாமல் போன பக்கத்தையே கைகாட்டிக்கொண்டிருந்தன.

தயங்கித் தயங்கி அத்தையிடம் படித்தேன். முதல் கேள்விக்குறியில் நான் நின்றேன். அத்தை நிற்கவில்லை.

“நலம், நலமறிய அவா. அப்புறம், புள்ளைங்களைத் தனியா பார்க் பக்கம் அனுப்ப வேண்டாம். எல்லா லெட்டர்லயும் அதானேடா எழுதுவாரு. இதுக்கா மெஷின் வச்சுத் தேடுற?”

84 கடிதத்தின் ஓட்டைகளையும் இரண்டே சாயங்காலத்தில் அடைத்தார். அந்த 31 கடிதங்களில் தாத்தா ஒரே ஒரு தடவை சொன்னது என்னவோ, அது மட்டும் அத்தைக்கும் ஞாபகமில்லை.

இப்போது மூன்று இடத்தில், சுருக்காமல், தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன். அக்காள் மகனிடம் அதை நேற்றும் சொன்னேன், இன்று காலையும் சொன்னேன்.

“மாமா, சொன்னதையே சொல்லாதீங்க” என்றான்.